இளம் பிட்சர்களின் முழங்கையைக் கவனிக்கிறோம், முதுகைக் கவனிப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேஸ்பாலில் பந்தெறியும் சிறுவர் சிறுமியருக்கு, அதாவது இளம் பிட்சர்களுக்கு, காயம் என்றாலே பேச்சு முழங்கைக்கும் தோளுக்கும் போய்விடுகிறது. அங்கே ஏற்படும் சேதம் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே பிள்ளை பெல்ட் கட்டும் இடத்தில், முதுகின் ஒரு பக்கமாக வலிக்கிறது என்று சொன்னால், 'தசைப்பிடிப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும்' என்று களிம்பு தடவி அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். வளரும் வயதில் அந்த வலி பல நேரம் தசையில் இல்லை, எலும்பில் இருக்கிறது. அதைத் தடுக்கச் செய்ய வேண்டிய பயிற்சியும் பலர் நினைப்பதற்கு நேர்மாறானது: முதுகை வளைத்து நீட்டுவதில் பயனில்லை, இடுப்பையும் நடுமுதுகையும் இளக்கி, வயிற்றையும் பிட்டத்தையும் உறுதியாக்க வேண்டும். பெற்றோரும் பயிற்சியாளர்களும் இன்றே செய்து பார்க்கும் அளவுக்கு விவரமாக எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள். முன்னால் குனியவும் பின்னால் வளையவும் ஏற்றவாறு அமைந்தவை அவை. திரும்புவது அவற்றின் வேலை அல்ல. ஐந்தும் சேர்ந்தே பத்துப் பதினைந்து டிகிரிதான் திரும்பும். உடல் திரும்ப வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, விலா எலும்புகள் சேரும் நடுமுதுகு. இன்னொன்று, தொடை எலும்பு சேரும் இடுப்பு மூட்டு. இந்த இரண்டில் ஒன்று இறுகியிருந்தாலும் அந்தத் திருப்பத்தைக் கீழ்முதுகு தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிட்சர் பந்தை எறியும் கணத்தைப் பாருங்கள். முன்கால் நீண்டு ஊன்றுகிறது. இடுப்பு முதலில் திரும்ப, மார்பு ஒரு நொடியின் சிறு பங்கு பின்தங்குகிறது. எறியும் கை பின்னால் சாய்ந்து நிற்கும் அந்த நேரத்தில் கீழ்முதுகு பின்பக்கம் வளைந்தும், கையுறை மாட்டிய கையின் பக்கம் சாய்ந்தும், திருகியும் இருக்கிறது. அடுத்த கணம் உடல் முழு வேகத்தில் முன்னால் மடிகிறது. வளைவும் சாய்வும் திருகலும் ஒன்றாகச் சேரும்போது அழுத்தம் முழுவதும் முள்ளெலும்பின் பின்புறம் உள்ள மெல்லிய எலும்புப் பாலத்தில் விழுகிறது. ஒரு முறை எறிந்தால் எதுவும் ஆகாது. ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தப்படும் கம்பி போல, நூற்றுக்கணக்கான பந்துகளுக்குப் பிறகு அந்தப் பாலத்தில் விரிசல் விழுகிறது. இதை மருத்துவர்கள் ஸ்பாண்டிலோலிசிஸ் என்கிறார்கள். மிகப் பெரும்பாலும் ஐந்தாவது, அதாவது கடைசி முள்ளெலும்பில் வரும். வலக்கையால் எறிபவருக்குப் பொதுவாக இடப்பக்கம், இடக்கையால் எறிபவருக்கு வலப்பக்கம். இரு பக்கமும் உடைந்துவிட்டால் அந்த முள்ளெலும்பு முன்னோக்கி நழுவவும் கூடும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வரும் அதே காயம்தான். ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸ் 2011-இல் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். முதுகு எலும்பு முறிவுகள் திரும்பத் திரும்ப வந்ததால் அடுத்த டெஸ்டை ஆட 2017 ஆகிவிட்டது. பும்ராவும் 2019-இலும் அதற்குப் பின்னும் இதே முதுகோடு போராடியவர். பேஸ்பாலில் கிளேட்டன் கெர்ஷா என்ற பிட்சர் 2016-இல் கீழ்முதுகு வட்டு (முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்) பிதுங்கி இரண்டு மாதத்துக்கு மேல் ஆடாமல் இருந்தார். அவருடையது எலும்பு விரிசல் அல்ல, வட்டுக் காயம்; பந்தை விட்டபின் உடல் மடிந்து திருகும்போது வட்டின் மீது ஏறும் சுமை அதற்குத் துணைபோகும். வயது வந்தவர்களுக்கு வட்டு, வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு என்று பொதுவாகச் சொல்லலாம். 1995-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில், முதுகுவலியோடு வந்த 100 இளம் விளையாட்டு வீரர்களில் 47 பேருக்கு இந்த எலும்பு விரிசல் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த பெரியவர்களில் 5 சதவீதம்தான்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் வளர்ச்சிதான். ஆண்பிள்ளைகள் 13, 14 வயதிலும் பெண்பிள்ளைகள் ஏறக்குறைய 12 வயதிலும் ஓராண்டில் 8, 10 செ.மீ. கூட உயர்ந்துவிடுவார்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுப்பதில்லை. தொடையின் முன்தசையும் பின்தசையும் இழுபட்டு நிற்கும். எலும்பு நீண்டுவிடும், ஆனால் அதில் கனிமம் படிந்து கெட்டிப்படுவது மாதங்கள் பிந்தியே நடக்கும். நீளமான, இன்னும் உரம் ஏறாத எலும்பு, இறுகிய தசை. பயிற்சியாளர் 'பையன் வளர்ந்துவிட்டான், வேகமும் கூடியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் எறியட்டும்' என்று நினைக்கும் மாதங்கள் இவைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் அந்தப் பருவத்தில் எறியும் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

எதை நீட்டுவது என்று முடிவெடுக்கும் முன் எது இறுகியிருக்கிறது என்று பாருங்கள். நான்கு சோதனைகள் போதும். குப்புறப் படுத்து, முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து 90 டிகிரி மடக்கி, பாதங்களை வெளிப்பக்கம் விழவிடச் சொல்லுங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குறைவாக விழுந்தால் அந்த இடுப்பு மூட்டு உள்நோக்கித் திரும்ப மறுக்கிறது என்று பொருள். வலக்கைப் பிட்சருக்கு இடது காலில் இந்தக் குறை இருந்தால் கவனம் தேவை: ஊன்றிய இடது காலின் மீதுதான் இடுப்பு முழுவதும் திரும்பியாக வேண்டும். அடுத்து, மேசை விளிம்பில் மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்து மற்றக் காலைத் தொங்கவிடுங்கள். தொங்கும் தொடை மேசை மட்டத்துக்கு இறங்காவிட்டால் இடுப்பின் முன்தசை இறுகியிருக்கிறது. மூன்றாவது, மல்லாந்து படுத்து ஒரு தொடையைச் செங்குத்தாக நிறுத்தி முழங்காலை நீட்டுவது. முழங்கால் நிமிர நிறைய மிச்சமிருந்தால் தொடைப் பின்தசையில் இறுக்கம். கடைசியாக, சுவரில் முதுகைச் சாய்த்து இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். கை சுவரைத் தொடும்போது கீழ்முதுகு வில்லாக வளைந்து சுவரைவிட்டு விலகினால், அக்குளிலிருந்து முதுகில் இறங்கும் அகன்ற தசையோ நடுமுதுகோ இறுகியிருக்கிறது. பந்து எறியக் கை தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளையின் முதுகு இப்படித்தான் வளைகிறது.

நீட்சிப் பயிற்சிகளில் முதலிடம் இடுப்பின் முன்தசைக்கு. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்னே வைத்து நில்லுங்கள். இனிதான் முக்கியம்: தரையில் இருக்கும் காலின் பக்கப் பிட்டத்தை இறுக்கி, இடுப்பெலும்பின் அடிப்பகுதியை முன்னோக்கிச் சுருட்டுங்கள். அந்த நிலையைக் காத்துக்கொண்டு உடலை நான்கைந்து செ.மீ. மட்டும் முன்னே நகர்த்தினால் தொடையின் மேல்முனையில் இழுப்பு தெரியும். 30 நொடி, பக்கத்துக்கு 2 முறை. பெரும்பாலான பிள்ளைகள் பிட்டத்தை இறுக்காமல் மார்பைத் தூக்கி வெகுதூரம் முன்னே பாய்வார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நீளுவது தசை அல்ல, வளைவது கீழ்முதுகு. எந்த இடத்தைக் காப்பாற்ற இந்தப் பயிற்சியோ அந்த இடத்தையே அது அழுத்துகிறது. எங்கே இழுக்கிறது என்று கேளுங்கள். 'முதுகில்' என்று பதில் வந்தால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து.

தொடைப் பின்தசைக்கு நின்றபடி குனிந்து கால்விரலைத் தொட வேண்டாம். மல்லாந்து படுத்துத் தொடையைப் பின்னாலிருந்து இரு கையாலும் பிடித்துச் செங்குத்தாக வைத்து, முழங்காலை மெல்ல நிமிர்த்துங்கள். 30 நொடி, பக்கத்துக்கு 2 முறை. இடுப்பின் உள்திருப்பத்துக்குத் தரையில் உட்கார்ந்து, பாதங்களைத் தோள் அகலத்தைவிடக் கூடுதலாக விரித்து, கைகளைப் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு முழங்காலாக உள்பக்கம் சாய்த்து இறக்குங்கள். பக்கத்துக்கு 10. தொடை இடுக்கின் முன்புறம் கிள்ளுவது போல் வலித்தால் தொடராதீர்கள். அது தசை இறுக்கம் அல்ல, மூட்டின் அமைப்பாக இருக்கலாம். நடுமுதுகுக்கு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பிட்டத்தைக் குதிகால் வரை தள்ளி உட்கார்ந்து, ஒரு கையைப் பிடரியில் வைத்து முழங்கையைக் கூரையை நோக்கித் திருப்புங்கள். பிட்டம் குதிகாலில் இருப்பதால் கீழ்முதுகு பூட்டிக்கொள்கிறது, திரும்புவது நடுமுதுகு மட்டும். பக்கத்துக்கு 10, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே. அக்குள் தசைக்கு ஒரு பெஞ்சின் முன் மண்டியிட்டு, முழங்கைகளை அதன் மேல் வைத்து, பிட்டத்தைப் பின்னே தள்ளி நெஞ்சை இறக்குங்கள். வயிறு தளர்ந்து முதுகு தொங்கக் கூடாது.

இவற்றில் அசையாமல் பிடித்து நிற்கும் நீட்சிகளை எறிவதற்கு முன் நீண்ட நேரம் செய்ய வேண்டாம். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நீட்டினால் உடனடியாக அதன் விசை சற்றுக் குறைகிறது. அவை ஆட்டம் முடிந்த பிறகோ மாலையிலோ செய்ய வேண்டியவை. எறியும் முன் தேவை சூடேற்றும் அசைவு: லேசாக வியர்க்கும் வரை ஓட்டம், நடந்தபடி லஞ்ச் (ஒரு காலை நீள முன்னே வைத்து முழங்கால் மடக்கி இறங்குவது) 10 காலடி, பக்கவாட்டு லஞ்ச் 8, கால் வீச்சு 10, மேலே சொன்ன நடுமுதுகுத் திருப்பம் 8. எல்லாம் பத்து நிமிடத்தில் முடியும். பிறகு குறைந்த தூரத்தில் மென்மையாக எறியத் தொடங்கித் தூரத்தைக் கூட்டி, கடைசியில்தான் மவுண்டில் (பிட்சர் நின்று எறியும் மண்மேட்டில்) ஏற வேண்டும். முதுகைப் பின்னால் வளைத்து 'சொடக்கு' எடுக்கும் பழக்கத்தை அறவே நிறுத்துங்கள்.

நீட்சி பாதி வேலைதான். இளகிய இடுப்பை அடக்கி ஆள வலுவில்லை என்றால் பயனில்லை. வயிற்றுத்தசைக்கு இங்கே வேலை உடலை மடக்குவது அல்ல, முதுகு அளவுக்கு மீறி வளையாமலும் திருகாமலும் தடுப்பது. அதனால்தான் நூறு சிட்-அப் எடுக்கும் பிள்ளைக்கும் முதுகு வலிக்கிறது.

டெட் பக் என்ற பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். மல்லாந்து படுத்துக் கைகளைக் கூரையை நோக்கி நீட்டி, இடுப்பையும் முழங்காலையும் 90 டிகிரியில் தூக்கி வையுங்கள். மூச்சை முழுவதும் விட்டு, விலா எலும்புகளை இறக்கி, கீழ்முதுகைத் தரையோடு ஒட்டுங்கள். வலது கையையும் இடது காலையும் ஒன்றாக 3 நொடியில் இறக்கி, தரையைத் தொடாமல் திருப்புங்கள்; பிறகு மாற்றுப் பக்கம். பக்கத்துக்கு 8, இரண்டு சுற்று. பெற்றோர் செய்ய வேண்டியது: பிள்ளையின் கீழ்முதுகுக்கு அடியில் ஒரு தாளை வைத்து இழுத்துப் பாருங்கள். தாள் எந்தக் கணத்தில் வழுக்கி வருகிறதோ அங்கே முதுகு எழும்பிவிட்டது. காலை அவ்வளவு தூரம் இறக்க இன்னும் வலுவில்லை; குதிகாலை மட்டும் தரையில் தட்டித் திரும்பும் அளவுக்குக் குறையுங்கள்.

அடுத்து பக்கவாட்டு பிளாங்க்: ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி உடலை நேராகப் பிடிப்பது. முழங்கால் ஊன்றி 15 நொடியில் தொடங்கி, பாதம் ஊன்றி 30 நொடி வரை கொண்டுபோகலாம். இரு பக்கமும் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று எழுதி வையுங்கள். எறியும் விளையாட்டில் ஒரு பக்கம் பின்தங்குவது சகஜம். வித்தியாசம் தெரிந்தால் பலவீனமான பக்கத்துக்கு ஒரு சுற்று கூடுதல். இடுப்பு தொய்வது, மேல் தோள் முன்னால் உருள்வது இரண்டும் களைப்பின் அடையாளம். அங்கேயே நிறுத்த வேண்டும், கடிகாரத்துக்காகத் தொடரக் கூடாது.

பிட்டத்துக்கு, மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ் 12 முறை, 2 சுற்று. மேலே 2 நொடி நிறுத்தி. தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டால் குதிகாலைப் பிட்டத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். எளிதானதும் ஒற்றைக் காலில். பிட்சர் ஒற்றைக் காலில் உந்தி ஒற்றைக் காலில் இறங்குபவர். ஆகவே ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக வைத்து இறங்கி எழும் ஸ்பிளிட் ஸ்குவாட்டும், ஒற்றைக் காலில் நின்று இடுப்பிலிருந்து மடியும் பயிற்சியும் அவசியம். மடியும்போது முதுகோடு ஒரு கம்பை வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, இடுப்பின் அடி எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கம்பு தொட்டபடியே இருந்தால் மடிவது இடுப்பு. ஓரிடம் விலகினாலும் மடிவது முதுகு. கம்பு விலகாமல் 10 முறை வரும் வரை கையில் எடை தர வேண்டாம்.

திருகலைத் தடுக்கும் பயிற்சிக்கு ஒரு ரப்பர் பட்டை போதும். மார்பு உயரத்தில் தூணில் கட்டி, பக்கவாட்டில் நின்று, இரு கையாலும் நெஞ்சருகே பிடித்து நேராக முன்னே தள்ளி 2 நொடி நிறுத்துங்கள். பட்டை உடலைத் திருப்பப் பார்க்கும், திரும்பக் கூடாது. பக்கத்துக்கு 10. மெடிசின் பால் என்ற கனமான பயிற்சிப் பந்தை எறிவதெல்லாம் இந்த அடிப்படை இரண்டு மூன்று மாதம் ஊறிய பிறகு, 1 அல்லது 2 கிலோவில். மொத்தப் பயிற்சிக்கும் 20 நிமிடம் ஆகும். வாரம் மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல். ஆட்டப் பருவத்தில் இரண்டு நாள் போதும், ஆனால் அறவே விட்டுவிடக் கூடாது. குப்புறப் படுத்துக் கைகால்களை ஒன்றாகத் தூக்கும் 'சூப்பர்மேன்', எடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து இடமும் வலமும் திருகும் பயிற்சி, தோளில் பாரம் வைத்துக் கனமான ஸ்குவாட் ஆகிய மூன்றையும் இந்த வயதுப் பிட்சர்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறோம்.

எறியும் முறையில் முதுகைக் கெடுக்கும் பிழைகளைப் பயிற்சியாளர் பின்னாலிருந்து பார்த்தால் கண்டுபிடிக்கலாம். வலக்கைப் பிட்சரின் இடது பாதம் இலக்குக்கு நேராக இறங்காமல் வலப்பக்கம் தள்ளி இறங்கினால், இடுப்பு வழியில்லாமல் பாதியில் நின்றுவிடும், மீதித் திருப்பம் கீழ்முதுகில். வேகம் வேண்டும் என்று மார்பைக் கையுறைப் பக்கம் அதிகமாகச் சாய்ப்பது இன்னொன்று. இந்த இரண்டும் பெரும்பாலும் களைப்பில் கூடும். பந்து மேலே மேலே போவது, இரண்டு எறிகளுக்கு நடுவே நேரம் நீள்வது, பந்தை விட்டபின் உடல் மடியாமல் நிமிர்ந்தே நிற்பது ஆகியவை தெரிந்தால், எண்ணிக்கை பாக்கியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

எண்ணிக்கை என்று வரும்போது, அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பும் வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வரம்புகள் தெளிவானவை. ஒரு நாளில் 9, 10 வயதுக்கு 75 பந்து; 11, 12 வயதுக்கு 85; 13 முதல் 16 வரை 95; 17, 18 வயதுக்கு 105. பதினான்கு வயது வரை 66 பந்துக்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. கையைக் காக்க எழுதிய வரம்புகள் இவை. முதுகுக்கும் இதைவிடத் தாராளமாக எதுவும் தேவையில்லை. ஒரே பிள்ளை இரண்டு அணிகளில் ஆடும்போது ஒவ்வொரு பயிற்சியாளரும் தம் கணக்கை மட்டும் பார்ப்பதுதான் பெரிய ஓட்டை. கணக்கைப் பெற்றோர் வைத்திருக்க வேண்டும், பயிற்சியில் எறிந்ததையும் சேர்த்து. தூக்கமும் இந்தக் கணக்கில் சேரும்: 13 முதல் 18 வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரம்.

இவ்வளவும் செய்தும் வலி வரலாம். பெல்ட் மட்டத்தில் ஒரு பக்கமாக, பின்னால் வளைந்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும், காலுக்கு இறங்காத வலி என்றால் அன்றே எறிவதை நிறுத்துங்கள். வலி மாத்திரை போட்டு ஆடவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் தீராவிட்டால் விளையாட்டு மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பார்க்க வேண்டும். தொடக்க நிலை விரிசல் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும், 'எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது' என்று திரும்பிவந்து எறியத் தொடங்கியவர்களுக்குத்தான் சிறு விரிசல் முழு முறிவாகிறது. இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. சிறுநீர், மலம் கழிப்பதில் சிரமம் சேர்ந்தால் அன்றே மருத்துவமனை.

ஆரம்பத்திலேயே பிடித்தால் எலும்பு பெரும்பாலும் கூடிவிடும், ஆனால் ஏறக்குறைய மூன்று மாதம் விளையாட்டை விட வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வலி மூன்று நான்கு வாரத்தில் போய்விடும், எலும்பு கூடியிருக்காது. வலியில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொண்டு மவுண்டில் ஏறுகிறார்கள். திரும்பும் வழி இது: மருத்துவர் ஒப்புதல், பின்னால் வளைந்தாலும் திரும்பினாலும் வலியில்லை, பக்கவாட்டு பிளாங்க் இரு பக்கமும் சமம், பிறகு சமதரையில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், குறைந்த தூரத்தில் 25 எறிதல். தூரம், எண்ணிக்கை, வேகம் மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டாமல் ஒவ்வொன்றாக. மவுண்ட் கடைசி. வலி திரும்பினால் ஒரு படி கீழே இறங்கி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் நாளிதழிடம் எங்கள் கோரிக்கை ஒன்று. இளையோர் ஆட்டச் செய்திகளில் ஒரு பிட்சர் எத்தனை பேரை வெளியேற்றினார், எவ்வளவு வேகத்தில் எறிந்தார் என்று எழுதும்போது, பக்கத்திலேயே அவர் வயதையும் அன்று எறிந்த பந்துகளின் எண்ணிக்கையையும் அச்சிடுங்கள். 12 வயதுப் பிள்ளை 110 பந்து எறிந்தார் என்று காலையில் ஊரே படிக்கும் நிலை வந்தால், அடுத்த வாரம் அந்தப் பயிற்சியாளர் 85-இல் ஆளை மாற்றுவார்.

இப்படிக்கு,
இளம் விளையாட்டு வீரர்களோடு பணியாற்றும் இயன்முறை மருத்துவர்களும் உடற்பயிற்சி ஆசிரியர்களும்